பச்சை வெளிச்சத்தில் மாற்றலாகிப் போனவர்கள்

மதுரையை ஒட்டிய விளாங்குடியில் நான் குடியிருந்த தெருவில் யாரும் சாகக் கூடாது என்று ஒரு டீச்சர் தீர்மானம் போட்டிருந்தார். தெருக்காரர்களைக் கூட்டி வைத்துப் போட்ட தீர்மானம் இல்லை. அவராகப் போட்டு, அவராகவே நிறைவேற்றி வந்தார்.

பெயர் வேண்டாம். அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. டீச்சர் என்றால் அவர்தான். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் நடத்தினார். ஒல்லி. நடக்கும்போது தரையைப் பார்த்தே நடப்பார், எறும்பு எதையும் மிதித்துவிடக் கூடாது என்பதுபோல. எறும்புக்காகவேதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கணவர் டெலிபோன் இலாகாவில் இருந்தார். சில வருஷத்துக்கு ஓர் ஊர் என்று இலாகா அவரைப் பந்தாடிக்கொண்டிருந்தது. நான் பார்த்த காலத்தில் கோயம்புத்தூர். மாதம் ஒரு முறை வருவார், சாப்பிடுவார், தூங்குவார், போய்விடுவார். ஒரு வீட்டில் இல்லாமலே இருப்பது எப்படி என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

இலாகா தயவில் அந்த வீட்டில் போன் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த டீச்சரின் தம்பி தயவில் டெலிவிஷன் பெட்டி இருந்தது. தெருவுக்கே இரண்டும் அந்த ஒரு வீட்டில்தான்.

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானல் மலையில் டிவி கோபுரம் வர இன்னும் பல வருஷம் இருந்தது. மெட்ராஸ் படம் எங்களை எட்டாது. ஆனால் ஆன்டெனாவை நீளக் கம்பத்தில் ஏற்றி, ஒரு பூஸ்டரையும் மாட்டி, தென்கிழக்கே கடல் பக்கம் திருப்பிவைத்தால் இலங்கைப் படம் வந்து விழும். விழும் என்றால், மாவு சலிப்பதுபோல விழும். அந்த மாவுக்குள் மனுஷ ஜாடையில் ஏதாவது அசைந்தால் அதுதான் நிகழ்ச்சி.

நான் உசிலம்பட்டிக்காரன். பி.எஸ்ஸி. பௌதிகத்தை மூன்றாம் வகுப்பில் தேறிவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் டீச்சர் வீட்டுக்கு எதிர்மாடியில் ஓர் அறையில் இருந்தேன். நான் படித்த பௌதிகம் இந்த உலகத்துக்குப் பயன்பட்ட ஒரே இடம் டீச்சர் வீட்டு மொட்டைமாடி. சனிக்கிழமை சாயங்காலமானால் என்னை மேலே ஏற்றிவிடுவார்கள். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திருப்புவேன்.

“வந்துச்சா?”

“இன்னும் கொஞ்சம் திருப்பு மாப்ள!” கீழேயிருந்து செல்லையா அண்ணன் குரல் வரும். “ஆங்... ஆங்... போச்சு! போச்சு! பழையபடிக்கே வையி!”

“பழையபடி எதுன்னு தெரியலண்ணே.”

“இம்புட்டுப் படிச்சு என்னத்தக் கிழிச்ச? எறங்கி வா, நான் ஏறுறேன்.”

செல்லையா அண்ணன் டவுன் பஸ் கண்டக்டர். பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய அப்பாவும் ஆத்தாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்த வம்சத்தில் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் இவர். தோளில் பை தொங்காத நேரத்திலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்பார். அவர் மேலே ஏறித் திருப்பியதும் படம் ஒழுங்காக வரும். பௌதிகத்துக்கு அது பெரிய அவமானம்தான், நான் பொறுத்துக்கொண்டேன்.

நாங்கள் இத்தனை பாடுபட்டது ஒரு தொடருக்காக. வெள்ளைக்காரன் எடுத்த விஞ்ஞானக் கதை. அவர்கள் ஊரில் அது ஓடி முடிந்து பல வருஷம் ஆகியிருந்ததாம். மற்ற தேசமெல்லாம் பார்த்துச் சலித்த பிறகு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஒரு கப்பல் ஆகாயத்தில் வழி தவறிவிடுகிறது. தன்னுடைய சூரியன் எது என்று தெரியாமல் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தேடிக்கொண்டு போகிறது. அதில் ஒரு கேப்டன், ஒரு டாக்டர், எப்போதும் வேர்த்துக் கொட்டும் ஒரு என்ஜினியர், இன்னும் சிலர். வாரம் ஒரு கிரகத்தில் இறங்குவார்கள். கப்பல் கிளம்பும்போது செல்லையா அண்ணன் வாயாலேயே விசில் அடித்து, “போலாம் ரைட்!” என்பார். அவர் சொல்லாமல் அந்தக் கப்பல் ஒருநாளும் கிளம்பியதில்லை.

பேச்சு முழுக்க இங்கிலீஷ். அதுவும் மூக்கால் பேசும் இங்கிலீஷ். டீச்சர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கூடத்தில் நிறைந்திருக்கும் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்வார். கேப்டன் கோபித்தால் இவர் குரலும் தடிக்கும். என்ஜினியர் புலம்பினால் இவர் மூக்கை உறிஞ்சுவார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய கதை கப்பலை விட்டு வேறு பக்கம் போய்விடும்.

அந்தத் தொடரில் எதிரிகள் கையில் ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் பச்சையாக ஒரு வெளிச்சம் வரும். (எங்கள் பெட்டி கறுப்பு வெள்ளை. பச்சை என்று டீச்சர் சொன்னார், பச்சையாகவே பார்த்தோம்.) வெளிச்சம் பட்ட ஆள் ஒரு முறை துள்ளுவான். அதற்குள் திரையில் மாவு கொட்ட ஆரம்பித்துவிடும். மாவு நிற்கும்போது அந்த ஆள் இருக்கமாட்டான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள்.

“என்னாச்சு டீச்சர்?”

“டிரான்ஸ்பர்” என்பார் டீச்சர். “வேற கப்பலுக்கு மாத்திட்டாங்க.”

“ஏன் டீச்சர் எல்லாரும் அழுகுறாக?”

“பழகினவங்க போனா அழமாட்டாங்களா? எங்க வீட்டுக்காரரைத் திருநெல்வேலியிலேருந்து மாத்தினப்போ அந்த ஆபீசே அழுதுச்சு.”

எங்களுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. தெருவில் பாதிப்பேர் சர்க்கார் உத்தியோகம். உத்தரவு வருவதும் ஆள் மறைவதும் எல்லார் வீட்டிலும் பார்த்ததுதான். அதைப் பச்சை வெளிச்சத்தில் அனுப்புகிறான் வெள்ளைக்காரன், அவ்வளவே வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டோம். பட்டம் வாங்கிய நானும் எடுத்துக்கொண்டேன் என்பதை இங்கே அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்திலும் அவர் இப்படித்தான். ஆங்கிலப் பாடத்தில் ஒரு ராஜா போர்க்களத்தில் விழுகிற கதை இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்ததும், “மீதியை வீட்டில படிச்சுக்குங்க” என்று புத்தகத்தை மூடிவிடுவாராம். வீட்டில் எந்தப் பிள்ளை படித்தது? முடிவில் ராஜாவுக்கு என்ன ஆயிற்று என்று பரீட்சையில் கேட்டபோது, சனிக்கிழமை தவறாமல் கதை கேட்ட எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ராஜா வேறு ராஜ்யத்துக்கு மாற்றப்பட்டார் என்று எழுதிவிட்டு வந்தாள். டீச்சர் அந்தப் பதிலுக்குப் பாதி மார்க் போட்டிருந்தார்.

இந்த அளவோடு போயிருந்தால் சிரித்துவிட்டுக் கலைந்திருப்போம். ஆனால் டாக்டர் திரும்பி வந்தார்.

ஒரு சனிக்கிழமை கப்பல் டாக்டருக்கே பச்சை வெளிச்சம் பட்டது. கூடமே ‘ச்சு’ கொட்டியது. டீச்சர் சற்றுத் தடுமாறினார். பிறகு, “மாத்திட்டாங்க. பெரிய கப்பலுக்கு. சம்பளமும் ஜாஸ்தி” என்றார். அடுத்த சனிக்கிழமை பெட்டியைப் போட்டால், அதே டாக்டர், அதே கோட்டு, சாவகாசமாக ஒருத்தனுக்கு நாடி பார்த்துக்கொண்டிருக்கிறார்!

செல்லையா அண்ணன் எழுந்தே விட்டார். “டிரான்ஸ்பர் கேன்சலு! பாத்தியா மாப்ள? டீச்சர் சொன்னாகள்ல!”

டீச்சரைப் பார்த்தேன். எல்லாரையும்விட அவர் முகத்தில்தான் ஆச்சரியம் அதிகம் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

இலங்கையில் வாரப் பகுதிகளை முன்பின்னாக மாற்றிப் போட்டுவிட்டார்கள். டாக்டர் சாவதற்கு முந்தைய பகுதி எங்களுக்குப் பிந்தி வந்தது. விஷயம் இவ்வளவுதான். எனக்கு இது தெரிய நாலு வருஷம் ஆயிற்று. செல்லையா அண்ணனுக்கோ அன்றிலிருந்து டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

இனி போன் கதை. தெருவில் பாதிப்பேர் டீச்சர் வீட்டு எண்ணைத் தங்கள் சொந்த எண் மாதிரி ஊரெல்லாம் கொடுத்து வைத்திருந்தோம். எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுவிட்டால் போதும், கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தம். உசிலம்பட்டியிலிருந்து என் அப்பா பேசுவார். அவர் மாட்டுத் தரகர். சந்தை இரைச்சலில் பேசிப் பழகியவர் ஆனதால் போனில் பேசினாலும் போன் இல்லாமலே எனக்குக் கேட்கும்.

“என்னடா, வேல கெடச்சிருச்சா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்ப்பா.”

“பாத்துக்கிட்டே இரு. மாடாயிருந்தா இந்நேரம் பல்லப் புடிச்சுப் பாத்து எவன் தலையிலயாவது கட்டியிருப்பேன். ஒன்னைய என்ன செய்ய?”

டீச்சர் சமாதானம் செய்கிறாற்போல என் பக்கம் ஒரு டம்ளர் காபியை நகர்த்திவிட்டு, “அப்பா என்னமா பாசமாப் பேசறார்” என்பார்.

எல்லாச் செய்தியும் அவர் வாய் வழியாக வரும்போது பக்குவப்பட்டுத்தான் வரும். லேசாகக் காய்ச்சல் என்று அவர் சொன்னால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கிறார்கள் என்றால் சம்பந்தம் முறிந்துவிட்டது. தெரு இதைப் பழகிக்கொண்டு, அவர் சொன்னதோடு தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். டாக்டர் திரும்பி வந்த நாளுக்குப் பிறகு செல்லையா அண்ணன் மட்டும் கூட்டுவதை நிறுத்தியிருந்தார்.

சித்திரை மாதம். காலையில் விளாங்குடி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். செல்லையா அண்ணனின் பஸ் வந்து நின்றது. டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அன்றைக்கு அவர் தரையைப் பார்க்கவில்லை.

“செல்லையா, ஊர்லேருந்து போன் வந்துச்சு. அம்மாவுக்குக் கொஞ்சம் சொகமில்லையாம். முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாங்க.”

“ரொம்ப முடியலையா டீச்சர்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்பச் சரி. டூட்டிய முடிச்சுட்டே போறேன். போன வாரம் போயிருந்தப்பக் கருவாட்டுக் கொழம்பு வச்சு மல்லுக்கட்டி ஊட்டுச்சு. அதுக்கு என்ன வந்துறப் போகுது?” விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது.

டீச்சர் அங்கேயே நின்றார். வாய் திறந்திருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டடி போனார். அப்புறம் நின்றுவிட்டார்.

அந்தக் கதையின் மீதியைச் செல்லையா அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். டூட்டி முடித்து, ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஊரில் இறங்கியிருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று இவர் நினைத்தாராம். “அட, உக்காருங்கப்பா. நான் என்ன கலெக்டரா?” என்று சிரித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார். வீட்டு வாசல் கழுவி ஈரமாக இருந்தது. பெண்கள் தலை ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஒரே மகன், ஆனால் கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். வெயிலில் தாங்காது, மத்தியானம் வரைக்கும் பார்த்தோம் என்றார்கள்.

“ரொட்டிய எங்க வைக்கிறதுன்னு தெரியல மாப்ள” என்றார் என்னிடம். “கையிலயே வச்சுக்கிட்டு நின்னேன்.”

காரியம் முடிந்து அவர் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. தொடர் தொடங்குகிற நேரம், கூடம் நிறைந்திருந்தது. மொட்டைத் தலையோடு வாசல்படியில் வந்து நின்றார். டீச்சர் எழுந்தார். “வா செல்லையா. உக்காரு.”

“இருக்கட்டும் டீச்சர். போன்ல என்ன சொன்னாக?”

டீச்சர் போன் இருந்த பக்கம் பார்த்தார்.

“சரியாக் கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

“என்ன சொன்னாக?”

“அம்மாவுக்கு...” என்றார் டீச்சர்.

“ம். அதுக்கு அடுத்த வார்த்த.”

திரையில் கப்பலின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்காத்தா செத்துப்போச்சுன்னு இதுவரைக்கும் எனக்கு ஒரு ஆளும் சொல்லல டீச்சர். ஊர்ல எல்லாரும் எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டாக. ஒரு வாட்டி சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிருறேன்.”

டீச்சரின் உதடு அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குக் கூடியது. கண்ணால் பார்த்தேன். அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“சரி. நீங்க கதையச் சொல்லுங்க” என்றார் செல்லையா அண்ணன். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. சில மாதத்தில் உசிலம்பட்டி ரூட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் ஆடியில் கொழும்பு எரிகிறது என்று பேப்பரில் வந்தது. எங்களுக்குக் கப்பல் வருவது நின்றுவிட்டது. அங்கே போடவில்லையா, எங்கள் கம்பம் வாங்கவில்லையா என்று தெரியாது. சனிக்கிழமைகளில் வெறும் மாவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். “என்ன டீச்சர் சொல்றாங்க?” என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பின் மதுரை பூராவும் வீடியோ கேசட் கடைகள் முளைத்தன. எனக்கும் வேலை கிடைத்தது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கேசட் கடையில். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று கேசட் போடும் டெக்கையும் கலர் டிவி பெட்டியையும் வாடகைக்கு அனுப்புவோம். சினிமா கேசட்டுகளின் அடியில் ஒருநாள் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தேன். சிங்கப்பூரில் யாரோ அங்குள்ள டிவியிலிருந்து பதிவு செய்து கொண்டுவந்தது. நடுநடுவே சோப்புத்தூள் விளம்பரம்கூட இருந்தது. கேசட்டுக்கு இரண்டு பகுதி, மேலே வரிசை எண் ஒட்டியிருந்தது. எங்களுக்கு வராமல் போன பகுதிகளும் இருந்தன.

டீச்சர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என்னைப்போல் அறிவாளி வேறு எப்படி நினைப்பான்? பொங்கல் விடுமுறையில் டெக்கையும் கலர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய், தெருவை முழுக்கக் கூட்டி, டீச்சர் வீட்டுக் கூடத்தில் கலரில் போட்டேன். மாவு இல்லை. சட்டைப் பொத்தான் தெரிந்தது. டீச்சர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் பாடம் நடத்துவதுபோல் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

எதிரியின் பெட்டி திறந்தது. வெளிச்சம் பச்சைதான், அதில் டீச்சர் பொய் சொல்லவில்லை. அது பட்ட ஆள் துள்ளினான். ஆனால் மறையவில்லை. கீழே விழுந்தான். பாதி உடம்பு கரியாகியிருந்தது. கேப்டன் அவன் கண்ணை மூடிவிட்டார். பிறகு எல்லாரும் சேர்ந்து குழி தோண்டினார்கள். நிதானமாக, நெடுநேரம் தோண்டினார்கள்.

எல்லார் முகமும் திரையிலிருந்து டீச்சர் பக்கம் திரும்பியது.

“அடுப்பில பால் வச்சேன்” என்று அவர் எழுந்து உள்ளே போனார். அடுத்த பகுதியில் டாக்டர் செத்தார். வரிசைப்படி, ஒழுங்காக. அதற்குப் பின் வந்த பகுதிகளில் அவர் இல்லை. டீச்சர் அடுக்களையிலிருந்து வரவில்லை. பால் பொங்கும் வாசமும் வரவில்லை.

கலைந்து போகும்போது எதிர்வீட்டம்மா சத்தமாகவே சொன்னார்: “அம்புட்டும் பொய்யா? நம்மள என்னன்னு நெனச்சுச்சு அந்தம்மா?” அந்த வாரத்திலிருந்து தெரு தன் உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பியது: அவசரச் செய்தி என்றால் பி.பி. எண் வேண்டாம், தந்தி கொடுங்கள். என்ஜினியர் வேர்த்துக் கொட்டி நின்றபோதெல்லாம் டீச்சர் மூக்கை உறிஞ்சியது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் டெக்கின் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, இந்த வீட்டுக்கு ஒளி கொண்டுவந்த பெருமையோடு இறங்கினேன்.

என் அப்பா மட்டும் பழைய எண்ணிலேயே பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு எண் நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கடையில் மத்தியான நேரம் ஈ ஓட்டும் வேலை. டெக்கின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் டீச்சர் நின்றார். அவர் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். விரலில் சாக்பீஸ் வெள்ளை இருந்தது.

“வாங்க டீச்சர்! புதுப் படமெல்லாம் வந்திருக்கு, உக்காருங்க, மோர் சொல்லவா...”

“உங்கப்பா செத்துட்டார்” என்றார்.

தமிழில் அதற்கு எத்தனையோ மெத்தென்ற சொற்கள் இருக்கின்றன. தவறிவிட்டார், காலமானார், போய்ச் சேர்ந்தார். எல்லாருக்கும் சமயத்துக்கு ஒன்று வாயில் வரும். வாழ்நாளில் ஒரு சாவையும் சொல்லிப் பழகாததால் டீச்சருக்கு நடுவில் இருந்த சொல் எதுவும் தெரியவில்லை.

என் வாய் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அது சொன்னது: “எந்த ஊருக்கு டீச்சர்?”

அவர் முகம் ஆடிப்போயிற்று. ஆனால் விடவில்லை. “எந்த ஊருக்கும் இல்ல. செத்துட்டார். காலையில சந்தையில விழுந்தாராம், தூக்கும்போதே உயிர் இல்லையாம். சாயங்காலம் எடுக்கிறாங்க. ஒனக்காகக் காத்திருக்காங்க. கிளம்பு.” வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் கடகடவென்று சொல்லி முடித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். உசிலம்பட்டி பஸ் புறப்பட நின்றது. பின்படியில் செல்லையா அண்ணன். முடி வளர்ந்து நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இருவரும் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன.

“செல்லையா” என்றார் டீச்சர். “இவன் அப்பா செத்துட்டார். கொண்டுபோய்ச் சேர்த்துடு.”

படியில் ஏறப்போன இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். செல்லையா அண்ணன் டீச்சரையே பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“ஏறு மாப்ள” என்றார். “வெரசாக் கொண்டு சேத்துர்றேன் டீச்சர். நீங்க வெயில்ல நிக்காதீக.”

எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்தார். செக்கானூரணி தாண்டும்வரை கூட்டத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தார். அப்புறம் என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்தில் நின்றார்.

“ஒனக்குச் சொல்லிட்டாகள்ல” என்றார்.

“ஆமாண்ணே.”

“அந்த வார்த்தைய அப்படியேவா சொன்னாக?”

“அப்படியேதான்ணே.”

வெளியே காய்ந்த கரிசல் ஓடிக்கொண்டிருந்தது. “எனக்குத்தேன் சொல்லல” என்றார். முன்பக்கம் போய்விட்டார்.

அப்பாவைக் கட்டைவிரல் கட்டி வாசலில் கிடத்தியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். முகத்தைப் பார்த்தேன். கொள்ளி வைத்தேன். டீச்சர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் கடையைப் பூட்டிவிட்டு, ரொட்டி வாங்க நின்றிருப்பேன். இது தெரிந்தும், அந்த இரவெல்லாம் அவர்மேல் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை சொன்னவர். எனக்குப் பஸ்ஸில் வரும் தூரத்துக்காவது ஒன்று சொல்லியிருக்கலாம்.

பதினாறாம் நாள் முடிந்து மொட்டைத் தலையோடு விளாங்குடிக்குத் திரும்பினேன். டீச்சர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பெட்டிமேல் துணி போட்டு மூடியிருந்தது. அவர் இளைத்திருந்தார். என் தலையை அவர் பார்க்கவில்லை. நானும் நன்றி என்று எதையும் சொல்லவில்லை.

போன் அடித்தது. டீச்சர் அசையவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

“நீ எடு” என்றார். “நான் இப்பல்லாம் எடுக்கிறதில்ல.”

எடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து, மூன்று வீடு தள்ளியிருந்த தையல்காரரின் மருமகன் பேசினான். பெண் குழந்தை. சுகப் பிரசவம். மாமாவிடம் சொல்லிவிடச் சொன்னான். தந்தி கொடுக்கிற அவசரச் செய்தியாக அவனுக்கு இது தோன்றவில்லை போலிருக்கிறது.

வைத்துவிட்டுத் திரும்பினேன். டீச்சர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

“தையக்காரர் மகளுக்குப் பொண்ணு பொறந்திருக்காம் டீச்சர்.”

“அவ?”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எதையோ தேடினார்.

“நெஜமாவா?”

“நெஜந்தான் டீச்சர்.”

“எனக்காகச் சொல்லலையே?”

மறுபடியும் சொன்னேன். அப்பா பேரில் சத்தியம் செய்தேன். கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். அதுவரைக்கும் தையல்காரரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லிவிடக் கூடாது என்றார்.